பிராண்டெக் கோட்டை இன்னும் விழவில்லை

மார்ச் 3, ஞாயிறு

தனபாலுக்கு வாள் என்றால் என்னவென்றே தெரியாது. இன்றைக்கு அதை அவன் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டேன்.

தலை முதல் கால் வரை எஃகுத் தகடு போட்ட காவல்காரனை ஒரே வீச்சில் இரண்டாகப் பிளந்துவிட்டானாம். தகட்டை வாள் வெட்டாது என்று ஆறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரு கையால் பிடியையும் மறு கையால் வாளின் நடுப்பகுதியையும் பிடித்து, அக்குளிலோ கண் துவாரத்திலோ குத்த வேண்டும். இல்லையென்றால் சுத்தியலை எடு. தகரக் கதவை அரிவாளால் வெட்டுவானா இவன்? "டேய், கதைதானடா, விடேன்" என்கிறான். கதை என்றால் மட்டும் இரும்பு வெண்ணெய் ஆகிவிடுமா?

மகள் உமையாளைப் பார்க்க மாமனார் ஊரிலிருந்து வந்திருந்தார். மாடி அறையில் நாங்கள் பகடை உருட்டுவதைப் பார்த்துவிட்டு, "சூதாட்டமா மாப்ள?" என்றார். விளக்கினேன். நான் கதை நடத்துகிறவன். மற்ற மூவரும் கதைக்குள் ஆளுக்கொரு வேடம். ஹபீப் ரெய்னர் என்கிற வீரன், தனபால் கோன்ராட் என்கிற முரடன், ரோஸ்லின் குறுக்குவில் எய்யும் மாடில்டா. என்ன செய்யப்போகிறோம் என்பதை அவர்கள் சொல்வார்கள். நடந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். உல்ரிக் என்பவன் காவல் காக்கும் பிராண்டெக் கோட்டையைப் பிடிப்பதுதான் மொத்தக் கதையும். உல்ரிக், மழை, குதிரை, சமையல்காரி எல்லாம் நான்தான்.

"அப்ப யாரு ஜெயிப்பா?"

"யாரும் ஜெயிக்க மாட்டாங்க மாமா."

"அப்புறம் எதுக்கு இவ்ளோ சத்தம்?" என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

கிளம்பும்போது ஹபீப் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான். நியூசிலாந்து விசா வந்துவிட்டதாம். குடும்பத்தோடு மே மாதம் கிளம்புகிறான். "அதுக்குள்ள கோட்டையப் புடிச்சு முடிச்சிரலாம்ல சம்பந்தா?" என்றான். "தாராளமா" என்றேன். நல்ல சம்பளம், பையனுக்கு நல்ல பள்ளிக்கூடம். சந்தோஷமான விஷயம்.

தனபாலுக்காகவே ஆயுத விதிகளைத் திருத்தி எழுத வேண்டும். இப்படியே விட்டால் ஆள் ஆளுக்குப் பிளந்துகொண்டிருப்பார்கள்.

மார்ச் 6, புதன்

துவாக்குடியில் ஒரு லோடு குழாய்களை ரிஜெக்ட் செய்தேன். வெல்டிங் சரியில்லை. சூப்பர்வைசர் முறைத்தார். முறைக்கட்டும். தரப் பரிசோதகன் வேலை ஊரார் முகத்தைப் பார்த்துச் செய்கிற வேலை இல்லை.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் புது விதிகளை எழுதினேன். போர்வாள் ஒன்றரைக் கிலோவுக்குள்தான் இருக்கும். படத்தில் வருகிற மாதிரி தூக்க முடியாமல் தூக்குகிற பாறாங்கல் இல்லை. குறுக்குவில்லுக்கு விசை சுற்றி நாண் ஏற்ற நேரம் ஆகும். ரோஸ்லின் நினைத்த நேரத்துக்கு எய்ய முடியாது. தலைக்கவசத்தின் முகமூடியை இறக்கினால் பக்கவாட்டில் எதுவும் தெரியாது. எல்லாம் நியாயமான விதிகள்.

மார்ச் 10, ஞாயிறு

கோட்டை வாசல் வரைகூட வரவில்லை. பாலத்தைக் கடப்பதற்கே பொழுது போய்விட்டது. ரோஸ்லின் மூன்று முறை எய்யப் பார்த்தாள், மூன்று முறையும் நாண் ஏறவில்லை.

"அண்ணே, இது வில்லா கெணத்து ராட்டினமா?" என்றாள். ஹபீப் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 17, ஞாயிறு

ஏணி வைத்து மதிலில் ஏறுகிறேன் என்றான் தனபால். முழுக்கவசத்தோடு ஏறினால் களைத்துப்போவாய் என்றேன். "நீதானே சொன்ன, இருவத்தஞ்சு கிலோ ஒடம்பு பூரா பரவியிருக்கும், ஆளு ஓடலாம், குதிக்கலாம்னு?" என்று என் வாயையே எனக்கு எதிராகத் திருப்பினான். சரி, செய்து பார்த்துவிடலாம் என்றேன். சொல்லியிருக்கக் கூடாது.

ஒரு மூட்டை பொன்னி அரிசியைச் சின்னச் சின்னத் துணிப்பைகளில் பிரித்து அவன் கையிலும் தொடையிலும் மார்பிலும் கட்டினோம். கவசத்துக்கு அடியில் வீரர்கள் பஞ்சு வைத்துத் தைத்த மெத்தைச் சட்டை போடுவார்கள். அதற்குப் பதிலாக ரஜாய்ப் போர்வையைச் சுற்றினோம். தலைக்கு இட்லிப் பானை. அந்த வேடத்தோடு தண்ணீர்த் தொட்டியின் இரும்பு ஏணியில் ஏறினான். நோன்பு வைத்திருந்த ஹபீப் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

ஏறிவிட்டான் என்பதையும் எழுதத்தான் வேண்டும். பாரம் ஒரு பிரச்சினையே இல்லை. நான் சொன்னது சரி. ஆனால் மேலே போய் உட்கார்ந்தவன், "மாப்ள, மூச்சு முட்டுது, மூச்சு முட்டுது" என்று பானையைக் கழற்றி எறிந்தான். திருச்சி வெயிலில் ரஜாய்! அவசரமாக இறங்கியதில் தொடையில் கட்டியிருந்த பை கிழிந்து, அரிசி மொத்தமும் ஹபீப் தலையில் கொட்டியது. அவன் ஏணியை விடாமல் அப்படியே சிரித்தான். தலைமுடி, காது, சட்டைப் பை எல்லாம் அரிசி.

உமையாள் மேலே வந்து பார்த்தாள். "கோட்டையும் விழல, சோறும் போச்சு" என்று சொல்லி முறத்தை என் கையில் கொடுத்தாள். இப்போதுதான் கல் பொறுக்கி முடித்தேன்.

ஆக, கவசத்தோடு ஏணியில் ஏறலாம். ஆனால் ஏறியவன் மேலே போய்ச் சண்டை போட முடியாது. வெக்கைக்கு ஒரு விதி சேர்த்துவிட்டேன்.

மார்ச் 24, ஞாயிறு

அவர்களிடம் இருந்த ஏணி மதிலுக்குக் குட்டை. நான் ஆரம்பத்திலேயே அப்படித்தான் வைத்திருந்தேன், இப்போது மாற்றியது அல்ல. நீள ஏணிக்கு மரம் வெட்ட வேண்டும், கயிறு திரிக்க வேண்டும். முற்றுகை என்றால் அதுதான்.

"எனக்கு ஞாயித்துக்கிழமை ஒண்ணுதான் லீவு" என்றாள் ரோஸ்லின். அவள் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறாள். "வாரம் பூரா ஊசி குத்துறேன். இங்க வந்தா கயிறு திரிக்கச் சொல்றீங்க."

யதார்த்தம் வேண்டும் என்று முதலில் கேட்டது இவர்கள்தான்.

மார்ச் 31, ஞாயிறு

ஈஸ்டர். ரோஸ்லின் வரவில்லை. ஆட்டம் இல்லை. ஹபீப் தன் பைக்கை விற்றுவிட்டானாம். நல்ல பைக். எனக்குச் சொல்லியிருந்தால் நானே வாங்கியிருப்பேன்.

ஏப்ரல் 7, ஞாயிறு

கதையில் மழை பெய்தது. ஒரு வாரம் மழை. மழையில் நனைந்தால் வளையச் சட்டை துருப்பிடிக்காதா? ஆயிரக்கணக்கான இரும்பு வளையங்களைக் கோத்துச் செய்த சட்டை அது, துணி வைத்துத் துடைக்க முடியாது. பீப்பாயில் மணலும் காடியும் போட்டு, சட்டையை உள்ளே வைத்து உருட்ட வேண்டும். உருட்டினார்கள். மதியம் முழுக்க மூன்று பேரும் பீப்பாய் உருட்டினார்கள்.

தனபால் பகடையைப் போட்டுவிட்டு எழுந்தான். "நீ யாரு பக்கம்டா? எங்க கதைய நடத்துறியா, அந்தக் கோட்டைய காப்பாத்துறியா?"

"யாரு பக்கமும் இல்ல. இரும்புன்னா துருப்பிடிக்கும்."

"ஒன் மூளைதான் துருப்பிடிச்சிருக்கு. நான் வரல. ஆள விடு."

படியில் தடதடவென்று இறங்கிப் போய்விட்டான். போகட்டும். நாலு விதியைப் பொறுக்க முடியாதவனுக்கு எதற்கு வாள்? நோன்பு திறக்க நேரமாச்சு என்று ஹபீபும் கிளம்பினான். மொறுமொறுவென்று வாங்கி வைத்திருந்த சமோசாவை யாரும் தொடவில்லை. எரிச்சலில் நானே எல்லாவற்றையும் தின்றேன், இப்போது நெஞ்சைக் கரிக்கிறது.

ஏப்ரல் 9, செவ்வாய்

உமையாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்டாள்: "அந்தக் கோட்டை விழுந்தா என்னங்க ஆகும்?"

"கதை முடியும்."

"முடிஞ்சா?"

"முடிஞ்சா முடிஞ்சதுதான்."

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உருவினாள். என்ன கேள்வி இது! கேஸ் சிலிண்டருக்குப் பதிய வேண்டும், மறந்தே போனது.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருடப் பிறப்பு. ஆட்டம் இல்லை. பெருநாள் பிரியாணியும் போனதே என்று நினைத்திருந்தேன், ஹபீப் வீட்டில் இன்றைக்குத் தனியாகச் செய்து தூக்கில் கொண்டுவந்தான். உமையாளின் மாங்காய்ப் பச்சடியை அவன்தான் அதிகம் சாப்பிட்டான். டிக்கெட் போட்டுவிட்டானாம். மே இருபது, திங்கட்கிழமை.

"ஒண்ணு கேக்கட்டா?" என்றான். "நெசத்துல இந்தக் கோட்டையெல்லாம் எப்படிடா விழுந்துச்சு?"

கவண் பொறிகளைப் பற்றிச் சொன்னேன். மதிலுக்கு அடியில் சுரங்கம் தோண்டுவதைச் சொன்னேன். பஞ்சம், வயிற்றுப்போக்கு எல்லாம் சொன்னேன்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"ம்" என்றான். பள்ளிக்கூடத்தில் கணக்கு நோட்டைக் காட்ட மாட்டேன் என்று நான் மறைக்கும்போதும் அவன் இப்படித்தான் "ம்" என்பான்.

ஏப்ரல் 21, ஞாயிறு

ஹபீபும் ரோஸ்லினும் மட்டும். ஏணி தயார், இனி என்ன செய்யப்போகிறீர்கள் என்றேன். மதில் மேல் கொதிக்கிற தண்ணீர், கல், குறுக்குவில் என்று எல்லாம் எழுதி வைத்திருந்தேன்.

"ரெய்னர் வெள்ளைத் துணியோட ஒரு தூதன அனுப்புறான்" என்றான் ஹபீப்.

"எதுக்கு?"

"தவணை கேக்க."

எங்கோ போய்ப் படித்திருக்கிறான், படுபாவி. அந்தக் காலத்தில் அது வழக்கம்தான். உள்ளே இருப்பவனும் வெளியே இருப்பவனும் பேசி ஒரு நாள் குறிப்பார்கள். அந்த நாளுக்குள் கோட்டையைக் காக்க வெளியிலிருந்து படை வந்தால் ஒப்பந்தம் முறியும். வராவிட்டால் கதவைத் திறந்துவிட வேண்டும். திறந்தவர்களுக்கு அவமானம் இல்லை. இடுப்பில் ஆயுதத்தோடு, தலை நிமிர்ந்து வெளியே நடந்து போகலாம். பெரும்பாலான கோட்டைகள் இப்படிப் பேசித்தான் விழுந்தன. எனக்குத் தெரியும்தான். யாரும் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

"போன வாரம் கேட்டேனே" என்றான் ஹபீப்.

உல்ரிக் யோசிக்க வேண்டும், அடுத்த வாரம் பதில் சொல்வான் என்றேன். ரோஸ்லின் பெருமூச்சு விட்டாள். உல்ரிக் யோசிக்கக் கூடாதா? அவன் கோட்டை அது.

ஏப்ரல் 28, ஞாயிறு

உல்ரிக் ஒப்புக்கொண்டான். மறுக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை. வாரம் முழுக்கத் தேடினேன்.

மே பத்தொன்பது, உச்சிப்பொழுது. ஹபீப் கேட்ட நாள். அதுவரை போர் நிறுத்தம். மதிலைப் பலப்படுத்தக் கூடாது, யாரும் யாரையும் அடிக்கக் கூடாது.

தனபாலும் வந்திருந்தான். ஹபீப் போய்க் கூட்டிவந்திருக்கிறான். என்னிடம், "பீப்பா எதுவும் உருட்டச் சொல்ல மாட்டியே?" என்றான். "உக்காரு" என்றேன். உமையாள் அவனுக்கு மட்டும் இரண்டு வடை கூடுதலாக வைத்தாள்.

மே 5, ஞாயிறு

போர் நிறுத்தம் என்பதால் யாருக்கும் ஒரு வேலையும் இல்லை. கோன்ராட் மதிலடியில் போய் உட்கார்ந்து காவல்காரர்களோடு வம்பளந்தான். மாடில்டா கோட்டைச் சமையல்காரியிடம் கூடை இறக்கச் சொல்லி ரொட்டி வாங்கினாள். சமையல்காரிக்கு நான் என் பெரியத்தை குரலில் பேசினேன். தனபாலுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

இரண்டு மாதம் உயிரைக் கொடுத்து ஆயுத விதி எழுதினேன். ஆயுதத்தைத் தொடாத நாளில்தான் இவர்கள் இப்படிச் சிரிக்கிறார்கள். எரிச்சலாக இருக்கிறது.

மே 12, ஞாயிறு

ரெய்னரும் உல்ரிக்கும் மதிலின் மேலும் கீழுமாகப் பேசினார்கள். சாப்பாடு இருக்கிறதா என்று ரெய்னர் கேட்டான். இருக்கிறது என்றான் உல்ரிக். இல்லாவிட்டாலும் அப்படித்தான் சொல்வான். பொழுது எப்படிப் போனதென்றே தெரியவில்லை.

மே 15, புதன்

உல்ரிக்கைக் காக்க ஒரு படை எழுதிவிட்டேன். முந்நூறு பேர். வேலைக்குப் போகாமல் வயிறு சரியில்லை என்று லீவு போட்டு எழுதினேன். முன்னால் தகட்டுக் கவசம், முட்டிக்குச் சிறகு வைத்த மூடி. கையில் கோடரியும் சுத்தியலும் முள்ளும் ஒரே தலையில் வைத்த நீளத்தடி. பின்னால் குறுக்குவில்காரர்கள், முதுகில் பெரிய கேடயம். குதிரைக்கும் முகக்கவசம். ஒருவன்கூட வாளால் தகட்டை வெட்ட மாட்டான். இந்த ஆறு வருடத்தில் இவ்வளவு சுத்தமாக நான் எதையும் எழுதியதில்லை.

படை வந்தால் ஒப்பந்தம் முறிந்துவிடும். அது என் தப்பில்லை, வழக்கமே அதுதான். அப்புறம் கதை ஞாயிற்றுக்கிழமையோடு முடியாது. வீடியோவில் ஆடலாம். அங்கே இரவாக இருக்கும்போது இங்கே மாலை. அவன் விழித்திருக்க மாட்டானா என்ன?

மே 19, ஞாயிறு

நேரமே வந்துவிட்டார்கள். ஹபீபின் பெட்டிகளை வீட்டில் எடை போட்டுக்கொண்டிருக்கிறார்களாம். அதை விட்டுவிட்டு வந்திருக்கிறான்.

கோட்டை வாசலில் காலையிலிருந்து காத்திருந்தார்கள். நான் வெயிலைச் சொன்னேன், காற்றைச் சொன்னேன், மதில் மேலே யாரோ இருமியதைக்கூடச் சொன்னேன். அதற்குமேல் சொல்ல ஒன்றும் இல்லை. உச்சிப்பொழுது வந்துவிட்டது.

"கோன்ராட் மேட்டுல ஏறிப் பாக்குறான்" என்றான் தனபால். "ரோட்டுல யாராச்சும் வர்றாங்களா?"

முந்நூறு பேரும் என் மடியில், தாளில் இருந்தார்கள். மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். ரோஸ்லின் பகடையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டிருந்தாள். ஹபீப் மட்டும் கெஞ்சுகிற மாதிரியும் இல்லை, மிரட்டுகிற மாதிரியும் இல்லை. என்ன சொன்னாலும் சரி என்கிற மாதிரி உட்கார்ந்திருந்தான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"இல்ல" என்றேன். "ரோட்டுல யாரும் வரல."

கதவு திறந்தது. உல்ரிக்கின் ஆட்கள் ஆயுதத்தோடு வெளியே நடந்தார்கள். தனபால் கைதட்டப் போனான், ரோஸ்லின் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். உல்ரிக் கடைசியாக வந்து சாவிக்கொத்தை ரெய்னரிடம் கொடுத்தான்.

"அவ்ளோதான்" என்றேன். தாள்களை அடுக்கத் தொடங்கினேன்.

"இரு" என்றான் ஹபீப். "ரெய்னர் இன்னும் கவசத்தோட நிக்கிறானே. அத அவனே கழட்ட முடியுமா?"

"முடியாது. தோள்ல பின்பக்கமா கட்டியிருக்கும். கை எட்டாது."

"அப்ப உல்ரிக் கழட்டி விடட்டும்."

"உல்ரிக் எதிரிடா."

"இப்ப இல்லையே. கோட்டைதான் விழுந்திருச்சே."

கழட்டினான் என்று ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். நான் முதலில் கையுறையிலிருந்து ஆரம்பித்தேன். வலது கை, இடது கை. தாடைக்கு அடியில் இருக்கும் வாரைத் தளர்த்தித் தலைக்கவசத்தைத் தூக்கினேன். உள்ளே முகம் சிவந்து, முடி நெற்றியில் ஒட்டியிருந்தது என்று சொன்னேன். தோள் தகடு. முழங்கை மூடி. விலாப் பக்கத்து வார்களை ஒவ்வொன்றாக அவிழ்த்து, மார்புத் தகட்டையும் முதுகுத் தகட்டையும் தனித்தனியாகப் புல்லில் வைத்தேன். தொடை, முட்டி, கணுக்கால். எந்த வார் எந்தப் பக்கம், எந்தக் கொக்கி இறுக்கம் என்று எல்லாம் சொன்னேன். தனபால் ஒரு தடவைகூடச் செல்போனைப் பார்க்கவில்லை.

கடைசியாக மெத்தைச் சட்டை. முன்பக்கம் கயிற்றால் கட்டியது. வியர்வையில் ஊறி முடிச்சு இறுகிவிட்டது, அவிழவில்லை என்றேன்.

"அறுத்துருங்கண்ணே" என்றாள் ரோஸ்லின். "மாடில்டாகிட்ட கத்தி இருக்கு."

"வேணாம்" என்றான் ஹபீப். "அவனே அவுக்கட்டும். எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

கொஞ்ச நேரம் அந்த முடிச்சோடு மல்லுக்கட்டினேன். நகத்தால் நெம்பினேன் என்றேன், பல்லால் இழுத்தேன் என்றேன். பிறகு அவிழ்ந்துவிட்டது என்று சொல்ல வாயைத் திறந்தேன். "போகாதடா" என்று வந்துவிட்டது.

ஹபீப் குனிந்து தன் சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"அவுந்துச்சா?" என்றான்.

"அவுந்துச்சு" என்றேன்.